அரை அங்குலப் பொய்

அத்தியாயம் ஒன்பது

தையல் பிரிக்கிற ஊசி கையில் இருந்தது. எங்கே குத்துவது என்றுதான் அம்மாவுக்குத் தெரியவில்லை.

மடியில் பாப்பாவின் கருநீலக் கால்சட்டை. அம்மாவே வெட்டித் தைத்தது. பதினாலு வயதுப் பெண்ணுக்கு அந்த அளவில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஆண்களுக்கானது. "கடை எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே அம்மா துணியை விரித்தது மூன்று மாதத்துக்கு முன்னால்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. தெருவிளக்கும் அணையாமல், சூரியனும் வராமல், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளிச்சம் தையல் மெஷின் மேல் விழுந்திருந்தது.

வளருகிற பிள்ளைக்குத் தைக்கும்போது எந்தத் தையற்காரியும் பக்கத் தையலுக்குள் துணி விட்டுத்தான் தைப்பாள். அம்மாவும் தாராளமாக விட்டிருந்தாள். அந்தத் துணிக்குள்தான் பொய் புகுந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஷெட்டில், பள்ளிக்கூடம் விட்டதும், எடை கூடிய பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. பாப்பாவின் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி, டாக்டரம்மாதான் அதில் சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் பாப்பா அழுதுகொண்டே வந்தாள்.

"உடம்பெல்லாம் வலிக்குது. ஒண்ணுமே குறையல. இனிமே போகமாட்டேன். கொன்னாலும் போகமாட்டேன்."

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தூங்கிப்போனாள். அம்மா துவைத்துக் காய்ந்திருந்த கால்சட்டையை எடுத்தாள். இடுப்புப் பட்டியைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் வெளியே விட்டாள். எலாஸ்டிக்கை உருவிவிட்டுக் கொஞ்சம் நீளமாக வேறொன்று போட்டாள். பழைய ஊசித் துளைகள் மறைய ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டாள்.

மறுநாள் குளியலறையிலிருந்து வந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. "அம்மா! லூஸா இருக்கும்மா! இங்க பாரு, கை போகுது!"

அன்றைக்கு பாப்பா வகுப்புக்கு ஓடினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பாப்பா அடிக்கடி கட்டைவிரலை இடுப்புக்குள் விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க அம்மாவால் முடியவில்லை. அதே கால்சட்டை மறுபடி, பள்ளிச் சீருடை, வீட்டுப் பாவாடை, சட்டையின் அக்குள் தையல் என்று அரை அரை அங்குலமாகப் பொய் பரவியது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், பெற்ற பெண்ணின் இடுப்பில் மட்டும் டேப் வைக்காமல் நாளை ஓட்டிவிட்டாள்.

இன்று ஆஸ்பத்திரியில் வைப்பார்கள்.

பழைய அளவுக்கே பிடித்துத் தைத்துவிடலாமா? அப்படிச் செய்தால் இன்றைக்கென்று பார்த்து இறுக்கும். அழுதுகொண்டே கிளம்புவாள். இப்படியே விட்டால்?

"யாரோட துணி அது?"

வாசற்படியில் அப்பா, பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு.

"பாப்பாவோடது. நூல் தொங்குச்சு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ தாங்கும் என்று யோசிக்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார்.

"இன்னைக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

"என்னங்க, எடையை மட்டும் வச்சுப் பார்க்கக்கூடாதுன்னு டாக்டரம்மாவே..."

"தராசு யாருக்கும் பயப்படாது. போன வாரம் சொன்னதுதான். எடை இறங்கியிருந்தா வகுப்பு தொடரட்டும். இறங்கலேன்னா நிறுத்திடு. அக்காவோட பவுடரைக் கொடுத்துப் பார்ப்போம்."

அக்கா என்றால் பாப்பாவின் அத்தை. இரண்டு தெரு தள்ளி வீடு. உடம்பைக் குறைக்கிற பவுடரை டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கி விற்கிறாள். காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டம்ளர் கலக்கிக் குடித்தால் போதுமாம். வளர்ற பிள்ளைக்கு அதைக் கண்ணிலேயே காட்டாதீங்க என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அத்தை சிரித்தாள். "குறைஞ்சுட்டா அப்புறம் அந்த டாக்டர்கிட்ட யாரு போவா?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டிருந்தது.

"அம்மா, என் பேன்ட் எங்க?"

பாப்பா வந்து மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அம்மாவின் கையில் ஊசி மட்டும் மிஞ்சியது.

போட்டுக்கொண்டு வந்தவள் இடுப்புக்குள் முழுக் கையையும் விட்டு ஆட்டிக் காட்டினாள். "அப்பா, பாத்தீங்களா?"

"தராசு சொல்லட்டும்."

"சொல்லும் சொல்லும். இன்னைக்கு நல்லா சத்தமாவே சொல்லும்."

பஸ்ஸில் அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் பாப்பாவும் ஜன்னலோரம். சொல்வதென்றால் இதுதான் நேரம்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஏம்மா மூஞ்சி பாபின்ல நூல் சிக்கின மாதிரி இருக்கு? பயமா? எனக்கே பயம் இல்ல."

"அது இல்ல. உன் துணி..."

"முதல்ல நான் சொல்லிடறேன்." பாப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டயர் இழுக்கற போட்டி வருது இல்ல, எங்க ஷெட்டுல? கயித்துல முதல் ஆளா என்னைத்தான் மாஸ்டர் நிக்கச் சொல்லியிருக்கார். என்னைத்தாம்மா! ஸ்கூல்ல போட்டோன்னா பின்னாடி நில்லு. டான்ஸ்னா பின்னாடி நில்லு, இல்லேன்னா திரையைப் பிடி. எனக்கு முன்னாடி இடம் கொடுத்தது அங்க மட்டும்தான். அப்பா நிறுத்திட்டார்னா அது போயிடும்."

"நிறுத்தமாட்டார்."

"நிறுத்துவார். சொன்னா சொன்னதுதான் அவருக்கு. ஆனா எனக்குத்தான் எல்லாம் லூஸ் ஆயிடுச்சே. அப்புறம் என்ன?" ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "நீ என்ன சொல்ல வந்தே?"

கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. பாப்பாவின் முகம் கண்ணாடியில் அந்தக் கடைகளின் மேல் மிதந்து போனது. இவ்வளவு அமைதியான முகத்தை அம்மா அந்தப் பிள்ளையிடம் வெகு நாளாகப் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல. துணி கசங்காம உட்காரு" என்றாள்.

மூன்று நாட்களுக்கு முன்பே ரத்தம் எடுத்தாயிற்று. இன்று எடை, உயரம், இடுப்புச் சுற்று, பிறகு டாக்டரம்மாவோடு பேச்சு. தாழ்வாரத்து பெஞ்சில் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாவைப் பார்த்ததும் ஒருத்தி கையை ஆட்டினாள்.

"இன்ஜின் வந்தாச்சு!"

"டிராக்டர், நீ முடிச்சுட்டியா?"

"முடிஞ்சுது. அரைக் கிலோ கம்மி. எங்கம்மா அரைக் கிலோவுக்கு அரைமணி நேரம் போன்ல பேசுது, கேளு."

"உங்களுக்கெல்லாம் யாரு இப்படிப் பேர் வச்சது?" என்று அப்பா கேட்டார்.

"நாங்களே வச்சுக்கிட்டோம் அங்கிள். மத்தவங்க வைக்கறதுக்கு முன்னாடி."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

நர்ஸ் பாப்பாவைக் கூப்பிட்டு ஒரு மடித்த பச்சை உடுப்பைக் கொடுத்தார். துணிக்குத் துணி எடை மாறும் என்பதால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி உடுப்பில்தான் நிறுத்துவார்கள். உடை மாற்ற ஒரு சின்ன அறை. பாப்பா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நர்ஸ் உயரத்தையும் இடுப்புச் சுற்றையும் அளந்து, வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் குறித்துக்கொண்டார். தராசில் ஏறுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா கிட்டே போய் நின்றார். அம்மா கதவோரமே நின்றாள்.

எண்கள் ஓடி நின்றன.

"போன தடவையை விட ஒண்ணேகால் கிலோ கூட" என்றார் நர்ஸ், சாதாரணமாக. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் சொல்கிற குரல்.

பாப்பா கண்ணைத் திறந்தாள். "இருக்காதே."

"மறுபடி ஏறும்மா."

மறுபடி ஏறினாள். அதே எண்.

"மெஷின் சரியில்ல அக்கா. நிஜமா. எனக்கு பேன்ட் எல்லாம் லூஸ் ஆயிடுச்சு. ஸ்கூல் பாவாடை கூட. அம்மாவைக் கேளுங்க. அம்மா, சொல்லும்மா!"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் காட்டறேன் இருங்க." பாப்பா உடை மாற்றும் அறைக்குள் ஓடினாள். கொக்கியில் மாட்டியிருந்த கால்சட்டையை எடுத்தாள். நர்ஸிடம் காட்டுவதற்காக இடுப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே திரும்பினாள்.

அறையின் நடுவில் வெள்ளை டியூப்லைட். சுவர்க் கண்ணாடியில் கால்சட்டை பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக் குளியலறையின் மஞ்சள் பல்புக்கு அதெல்லாம் தெரிந்ததில்லை.

தினமும் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கருநீலத்தில், இரண்டு பக்கத் தையலை ஒட்டியும் விரலகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டை மட்டும் வெளுக்கவில்லை. துணி வாங்கின அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. அதில் ஒரு பகுதி கொஞ்சம் வெளுத்தது, ஒரு பகுதி சுத்தமாக வெளுக்காதது. ஒரே நாளில் விட்டதில்லை.

வேறு எந்தப் பெண்ணுக்கும் அது வெறும் சாயக் கோளாறாகத் தெரிந்திருக்கும். பாப்பா தையல் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். உள்ளே மடிந்திருந்த துணி வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று எழுத்துக்கு முன்னால் கற்றவள். இடுப்புப் பட்டியை உள்பக்கம் திருப்பினாள். புது எலாஸ்டிக். பழைய துளைகளின் வரிசை, இஸ்திரிக்கு அமுங்கி, ஆனாலும் இருந்தது.

அவள் வெளியே வரவில்லை. தாழ்ப்பாள் விழுந்தது.

"பாப்பா?" அப்பா கதவைத் தட்டினார். "என்ன ஆச்சு? ஒண்ணேகால் கிலோதானே, அதுக்கு ஏன்..."

"நீங்க இல்ல. அவங்களைக் கூப்பிடுங்க."

"எவங்களை?"

"தையற்காரியை."

பாப்பா தன் அம்மாவை அப்படிச் சொல்லி அப்பா கேட்டதே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அம்மா சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"என்ன பண்ணினே நீ?"

அம்மா கதவருகே வந்தாள். பேசுவதற்கு முன் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். வண்ணம் பூசிய பலகை குளிர்ச்சியாக இருந்தது.

"நான்தான் விட்டேன் பாப்பா. அன்னிக்கு அழுதியே, அப்போ."

"அன்னிக்கு மட்டுமா?"

"இல்ல."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

உள்ளே பாப்பா அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

"லூஸா இருக்குன்னு நான் குதிச்சேன் இல்ல?" பாப்பாவின் குரல் தரையோரத்திலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள் போல. "அப்போ நீ என்ன நெனச்சே? சிரிப்பா வந்துச்சா?"

"ஐயோ, இல்லடா..."

"என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொன்னேன். மாஸ்டர்கிட்ட சொன்னேன். என்னைக் கேலி பண்றவங்ககிட்ட போய் நின்னு, பாருங்கடின்னு காட்டினேன். எல்லாரும் என் மூஞ்சிக்கு நேரா குண்டுன்னு சொன்னாங்க. நீ மட்டும்தான் சொன்னதில்ல. நீதான் ஏமாத்திட்டே."

அப்பாவுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. "உனக்கு அறிவிருக்கா?" என்றார் அம்மாவிடம், மெதுவாக. திட்டும்போது மெதுவாகப் பேசுகிற ஆளில்லை அவர். "சரி, எல்லாம் முடிஞ்சுது. ஏறித்தான் இருக்கு. வகுப்பு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெளிய வா பாப்பா, போலாம்."

"எங்க போறீங்க?" கையில் காகிதங்களோடு டாக்டரம்மா வந்து நின்றார். "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"எடையைப் பார்த்துட்டோம் டாக்டர்."

"எடையை மட்டும் பார்த்திருக்கீங்க. ரத்த ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு. நான் எதிர்பார்த்ததை விட." கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேக்குதாம்மா? நல்லா பண்ணியிருக்கே!"

"பொய்" என்றது கதவு.

"என்னது?"

"எங்கம்மா வெளிய நின்னு அழறாங்க. அதைப் பார்த்துட்டு நீங்களும் சும்மா சொல்றீங்க. ஒண்ணேகால் கிலோ ஏறினா நல்லா பண்ணினேனா?"

"பேப்பர் இருக்கு. கதவுக்கு அடியில தள்றேன், நீயே படி."

"பேப்பர்ல எது நல்லது, எது கெட்டதுன்னு நீங்கதானே சொல்லணும். எப்படி வேணா சொல்லுவீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்த மாதிரி இல்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் பிள்ளை மூச்சு வாங்கி இழுத்ததற்கெல்லாம் பலன் கிடைத்து, அதோ அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை இல்லாமல் செய்தது யார்?

தாழ்வாரத்தில் வேறொரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் வந்து டாக்டரம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பா படிக்கட்டும்" என்றாள் பாப்பா திடீரென்று.

"நானா?" அப்பா திகைத்தார். "எனக்கென்ன தெரியும் இதுல?"

"நீங்கதான் படிக்கணும். நீங்க எனக்கு இதுவரைக்கும் நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனால."

அப்பா காகிதங்களை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். இரண்டு தடவை தடவினார். அது நெற்றியில் இருந்தது.

"எடை" என்று ஆரம்பித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒண்ணேகால் கிலோ கூட."

"தெரியும். அடுத்தது."

"உயரம் கொஞ்சம் கூடியிருக்கு. இடுப்பு..."

"நர்ஸ் அக்கா இப்போ அளந்ததா?"

"இன்னைக்கு அளந்ததுதான், போட்டிருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் கம்மி." அப்பா காகிதத்தைக் கிட்டே வைத்து மறுபடி பார்த்தார். "ஆமா. கம்மிதான்."

அம்மா நிமிர்ந்தாள். அப்படியானால் அந்தக் கால்சட்டைக்குள் பாப்பா கையை விட்டு ஆட்டியதில் எவ்வளவு பிள்ளையின் உடம்பு விட்ட இடம், எவ்வளவு தான் விட்ட துணி? அவளுக்கே தெரியவில்லை. பொறுத்திருந்தால் நிஜமே வந்திருக்கும்.

"வெறும் வயித்துச் சர்க்கரை. முதல் பேப்பர்ல எல்லைக்கு மேல. சிவப்புல போட்டிருக்கு. இதுல..." இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல உள்ள வந்துடுச்சு. கறுப்புலதான் போட்டிருக்கு."

"அடுத்தது."

"கல்லீரலுக்கு ஒரு டெஸ்ட். இதுவும் குறைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் குறையணும்னு டாக்டர் பேனாவால எழுதியிருக்காங்க. அதையும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. எல்லாம் சொல்லுங்க."

"இன்சுலின். மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு." அப்பா நிறுத்தினார். "டாக்டர், இது குறைஞ்சா நல்லதா? சர்க்கரை உள்ளவங்களுக்கு இதைத்தானே ஊசியா போடறாங்க?"

"இவளுக்குக் குறையறது நல்லது. முன்னாடி அதே சர்க்கரையைத் தள்ள உடம்பு ஏகப்பட்ட இன்சுலின் சுரக்க வேண்டியிருந்தது. அப்படியே போனா ஒருநாள் முடியாம நின்னுடும். இப்போ தசை வேலை செய்யப் பழகிடுச்சு. அதுவே சர்க்கரையை இழுத்துக்குது. கொஞ்சத்துலயே வேலை முடியுது."

அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெஷின் ரூமில் மோட்டார் மேல் கையை வைத்துச் சூடு பார்க்கும்போது வருகிற முகம் வந்தது.

"அதாவது லோடு அதேதான். ஆனா மோட்டார் சூடாகாம இழுக்குது."

"அப்படி வச்சுக்கலாம்."

"வச்சுக்கறது கிடையாது டாக்டர். அப்படித்தானான்னு கேக்கறேன். எம் பொண்ணு உள்ள உட்கார்ந்திருக்கா."

"அப்படித்தான்."

"எடை இறங்கலேன்னாலும்?"

"வளர்ற பொண்ணு. உயரமும் தசையும் கூடுது, எடையும் கூடத்தான் செய்யும். இறங்கலாம், நாளாகலாம். ஆனா இதெல்லாம் அவ டயர் இழுத்துச் சம்பாதிச்சது. நிறுத்தினா திரும்பிப் போயிடும்."

அப்பா கதவைப் பார்த்துத் திரும்பினார். இந்த மாதிரி வாக்கியங்களுக்கு அவருக்குப் பழக்கம் போதாது.

"பாப்பா. மோட்டார் நல்லாத்தான் ஓடுது. மட்டமா இருந்தா மட்டம்னுதான் சொல்லியிருப்பேன், உனக்கே தெரியும். வகுப்பை நிறுத்த வேண்டாம். நான் சொன்னது தப்பு."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

பாப்பா பச்சை உடுப்போடு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அப்பாவின் கையிலிருந்து இரண்டு காகிதங்களையும் வாங்கி, சிவப்பில் இருந்ததையும் கறுப்பில் இருந்ததையும் தானே ஒருமுறை பார்த்தாள். விரலால் தடவினாள். உதடு ஒரு பக்கம் மேலே போயிற்று, அம்மாவைக் கண்டதும் இறங்கிவிட்டது.

கால்சட்டையை மடித்துத்தான் வைத்திருந்தாள். அதை அம்மாவிடம் நீட்டினாள்.

"இனிமே என் துணியைத் தொடாதே."

அம்மா வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது?

"இந்த உடுப்பு நாளைக்குத் தந்தா போதுமா அக்கா?" என்று நர்ஸைக் கேட்டாள் பாப்பா. நர்ஸ் தலையாட்டினார். டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

"சரி, வா. வீட்டுக்குப் போலாம்" என்றார் அப்பா.

"வீட்டுக்கு வரல."

"பின்ன?"

அந்த நேரம் பார்த்து அப்பாவின் கைப்பேசி அடித்தது. மெஷின் ரூம் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தாழ்வாரம் முழுக்க அத்தையின் குரல் நிறைந்தது.

"என்னடா, இறங்குச்சா? ஏறித்தான் இருக்கும், நான்தான் சொன்னேனே. எத்தனை கிலோ?"

"அக்கா, அது வந்து, எடை வேற, இது வேற..."

"குடுங்கப்பா." பாப்பா போனை வாங்கிக்கொண்டாள். "அத்தை, நான்தான். ஒண்ணேகால் கிலோ கூட."

"பாத்தியா! டயரை இழுத்தா குறையுமாடி குண்டம்மா?"

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு பாப்பா போனைத் தூக்கிப் போட்டுவிட்டு அறைக்குள் போயிருப்பாள். இன்று அசையாமல் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். நான் குறைஞ்சிருக்கேன்னு நீங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. ஏன்?"

"குறையல, சொல்லல. எதுக்குப் பொய் சொல்லணும்? எனக்கென்ன கண்ணில்லையா?"

"நான் கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டுமா? வகுப்புக்கு அங்கேருந்தே போயிக்கறேன்."

அத்தையின் குரல் குழைந்தது. "இதைக் கேக்கணுமாடி? உன் அத்தை வீடு. வா. உடம்பை நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அம்மாவுக்கு அடுக்கி வைத்த டப்பாக்கள் தெரிந்தன. அத்தை வீட்டுக் கூடத்தில், சுவரோரமாக, ஆள் உயரத்துக்கு. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். பவுடரைப் பற்றி முதலில் பேசினவர் அவர். இப்போது எந்த வாயால் மறுப்பார்?

"வேண்டாம் பாப்பா." அம்மா பாப்பாவின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். "என்மேல எவ்வளவு கோபம் வேணா படு. வீட்டுலயே பேசாம இரு. அங்க போனா அந்தப் பவுடரைத்தான் குடிக்கச் சொல்லுவாங்க. சோத்துக்குப் பதிலா. குடிச்சுடாதே. வளர்ற உடம்புக்கு ஆகாது. இப்போ வந்ததெல்லாம் போயிடும்."

பாப்பா போனை மார்போடு அழுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கோபம் எங்கோ போயிருந்தது. வழி தெரியாத ஊரில் யாரையோ நிறுத்திக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன். இதை மட்டும் நான் எப்படிம்மா நம்பறது?"

அம்மா மடித்த கால்சட்டையோடு நின்றாள். பச்சைத் துணிக்கு அடியிலிருந்து அத்தையின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"வாடி. இப்பவே கிளம்பி வா."